பொன்னாற் செய்த படி

நெல்லை அளக்கும் படி இரும்பால் ஆனதாயினும் பொன்னால் ஆனதாயினும் அதனுள் கொள்ளும் நெல் ஒன்றே. இவ்வெளிய உண்மையை எவரும் மறுப்பதில்லை. ஆனால் இசை கேட்கும் கருவிகள் என்று வந்தவுடன், கற்றறிந்த நண்பர்களும் பொற்படியில் அளந்த நெல் தனிச்சுவை உடையது என்று வாதிடத் தொடங்கிவிடுகின்றனர். அவ்வாதத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைபேசியிலோ கணினியிலோ எண்களாக உறங்கும் இசையை மின்னலையாக எழுப்பித் தரும் கருவியை ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் 'டாக்' என்பர். நாம் இங்கு 'மாற்றி' என்றே வழங்குவோம். ஹெட்போன் செருகும் இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரு மாற்றி உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட, விரல் நீளமே உள்ள இணைப்பு வடத்துக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதன் விலை 9 டாலர். மறுமுனையில் இங்கிலாந்தின் டி.சி.எஸ். நிறுவனத்தின் விவால்டி போன்ற அடுக்குகள் உள்ளன. முழுமையாக வாங்கினால் விலை ஒரு இலட்சம் டாலரைத் தாண்டும். இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே. இரண்டுக்கும் இடையே விலையில் பதினாயிரம் மடங்கு வேறுபாடு. ஒலியில் எத்தனை மடங்கு?

நம் துணிபு இது: பிழையின்றி வடிவமைக்கப்பட்ட மலிவான மாற்றிக்கும் விலையுயர்ந்த மாற்றிக்கும் இடையே, ஒலியளவைச் சமமாக்கி, எது எதுவென்று அறியாமல் கேட்கும்போது, மனிதச் செவி வேறுபாடு காண்பதில்லை. வேறுபாடு உண்டு என்போரே அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் இதுவரை மெய்ப்பித்திலர்.

1

முதலில் இந்த மாற்றி செய்யும் வேலைதான் என்ன என்று பார்ப்போம். 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒரு நொடி இசையை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 நிலைகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. இவ்வெண்களை மீண்டும் தொடர்ச்சியான அலையாக்குவதே மாற்றியின் பணி.

இங்கேதான் முதல் மயக்கம் தோன்றுகிறது. விற்பனையாளர்கள் ஒரு படம் காட்டுவார்கள். வளைந்தோடும் அலையின் மேல் படிக்கட்டு ஒன்று வரையப்பட்டிருக்கும். 'மலிவான கருவியில் இசை இப்படிப் படிப்படியாக உடைந்து வருகிறது. எம் கருவியோ படிகளை மழுக்கிவிடுகிறது' என்பார்கள். அப்படம் பொய். 1928இல் நைக்விஸ்ட் தொடங்கி 1949இல் ஷானன் நிறுவிய தேற்றத்தின்படி, ஓர் அலையின் அதிர்வெண் குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கியிருக்குமானால், அந்த எல்லையின் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அதை அளந்தாற் போதும். அவ்வளவுகளிலிருந்து மூல அலையை அப்படியே மீட்கலாம். ஏறத்தாழ அன்று, அப்படியே. அளவுகளுக்கு இடையே 'தொலைந்த இசை' எதுவும் இல்லை. வடிகட்டியைக் கடந்து வெளிவரும் அலையில் படிகள் இரா. மனிதச் செவியின் உயர் எல்லை இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸ். நாற்பதைக் கடந்த நம்மைப் போன்றோர்க்கு அதினும் குறைவு. 44,100 என்னும் எண் அதைக் கருதி வகுக்கப்பட்டதே.

எஞ்சியிருப்பவை மூன்று பிழைகள்: இரைச்சல், திரிபு, கடிகாரத் தடுமாற்றம். மூன்றும் அளக்கத்தக்கவை. மேற்சொன்ன 9 டாலர் வடத்தைச் சோதித்தோர் கண்ட அளவு, இரைச்சலும் திரிபும் சேர்ந்து இசைக்கு ஏறத்தாழ 100 டெசிபல் கீழே என்பது. அதாவது இசையின் வீச்சு ஒரு இலட்சம் என்றால் பிழையின் வீச்சு ஒன்று. குறுந்தகட்டின் எல்லையோ 96 டெசிபல்தான். 100 முதல் 150 டாலர் வரை விலையுள்ள மேசைக் கருவிகள் பல 110 டெசிபலையும் கடந்துவிட்டன. நள்ளிரவில் வீட்டுக்குள்ளேயே 25, 30 டெசிபல் ஓசை உலவிக்கொண்டிருக்கிறது. அதற்கடியில் புதைந்து கிடக்கும் பிழையை எச்செவி தோண்டி எடுக்கும்?

கடிகாரத் தடுமாற்றம் பற்றிய அச்சமோ இன்னும் வேடிக்கையானது. 1998இல் பெஞ்சமினும் கானனும் செய்த ஆய்வில், இசையைக் கேட்டோர் உணர முடிந்த மிகச் சிறிய தடுமாற்றம் 20 நானோநொடி. 2005இல் ஜப்பானில் அஷிஹாராவும் குழுவினரும் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றோர்க்கும் சில நூறு நானோநொடிகள் தேவைப்பட்டன. இன்றைய மலிவான மாற்றிகளின் தடுமாற்றமோ பிக்கோநொடிகளில் அளக்கப்படுவது; பிக்கோநொடி நானோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்நிலையில் கடிகாரத்துக்கென்று தனியே ஒரு பெட்டியை இலட்சக் கணக்கில் விற்பது வணிகத் திறம் என்று பாராட்டத்தக்கதேயன்றி இசைத்தொண்டு எனத் தகுவதன்று.

2

'அளவீடுகள் கிடக்கட்டும், என் காதால் கேட்டேன்' என்பது அடுத்த வாதம். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளுவதற்கில்லை. இசைக்குச் செவியே நீதிபதி என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அந்நீதிபதி எந்நிலையில் தீர்ப்பு வழங்கினார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அளவைகளைப் பற்றித் தமிழில் மணிமேகலை போல் விரிவாகப் பேசிய காப்பியம் பிறிதில்லை. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைகள் பத்தும் வருகின்றன. அளவைக்கு நேரும் குற்றங்கள் எட்டும் உடன் வருகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாறிக் கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் முடிவுக்கு வருவது தேராது தெளிதல். பிறர் சொல்லக் கேட்டுக் காரணமின்றிக் கருதிக்கொள்வது நினைப்பு. நம் நண்பர்கள் 'காட்சி அளவை' என்று எண்ணிக் கொண்டுவருவதில் இம்மூன்று குற்றங்களும் ஒருங்கே குடியிருக்கின்றன. விலைச்சீட்டைப் பார்த்து, விமர்சனத்தைப் படித்து, பளபளக்கும் அலுமினியப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்கும் ஒருவர் செவியை மட்டுமா பயன்படுத்துகிறார்? அங்கே சான்று சொல்வது காட்சி அன்று, உரை. அதுவும் விற்பவனின் உரை.

இது வெறும் தருக்கம் அன்று, சோதித்து அறியப்பட்டது. 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிபெருக்கிகளை இரு முறையில் கேட்கச் செய்தனர். ஒரு முறை கண்ணுக்குத் தெரிய. மறுமுறை திரைக்குப் பின். ஒலிபெருக்கிகள் உண்மையிலேயே தம்முள் வேறுபட்டு ஒலிப்பவை. அப்படியிருந்தும் பெட்டியின் உருவமும் பெயரும் தெரிந்தபோது கேட்போர் அளித்த மதிப்பெண்கள் மாறின. ஒலியிலிருந்த உண்மையான வேறுபாடுகளைக்கூடக் கண் மறைத்துவிட்டது. 2008இல் பிளாஸ்மன் குழுவினர் கலிபோர்னியாவில் செய்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒரே மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தனர். விலை கூடியபோது சுவை கூடியதாகச் சொன்னதோடு நில்லாமல், மூளையில் இன்பத்தைப் பதியும் பகுதியின் கிளர்ச்சியும் கூடியது. ஆகவே விலையுயர்ந்த மாற்றியில் இன்பம் கூடுகிறது என்போர் பொய் சொல்கின்றனர் என்று நாம் சொல்லவில்லை. இன்பம் மெய், அதன் காரணம் என்று அவர்கள் சுட்டுவதே பொய்.

விலையறியாமல் கேட்டால் என்ன நிகழ்கிறது? 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். உயர்தர ஒலிவட்டின் இசையை ஒருமுறை நேராகவும், மறுமுறை சாதாரணக் குறுந்தகட்டுத் தரத்துக்கு எண்ணாக்கி மீண்டும் அலையாக்கியும் கேட்கச் செய்தனர். கேட்டோருள் ஒலிப்பதிவுப் பொறியாளர்களும் இருந்தனர். 554 முறைகளில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதே விடைதான் கிடைத்திருக்கும்.

எதிர்ச்சான்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 2016இல் ஜோஷுவா ரைஸ், உயர்தரப் பதிவுகள் பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, கேட்போர் 52.3 சதவீதம் சரியாகச் சொல்கின்றனர் என்றும், பயிற்சி பெற்றோர்க்கு அது கூடுகிறது என்றும் முடிவு கண்டார். நம் நண்பர்கள் இதைக் கொடியாகப் பிடிப்பதுண்டு. ஆனால் அவ்வாய்வின் பொருள் பதிவின் தரம். மாற்றியின் விலை அன்று. ஒரே பதிவை 100 டாலர் கருவியும் எடுத்து இசைக்கும், இலட்சம் டாலர் கருவியும் எடுத்து இசைக்கும். மேலும் 50 எங்கே, 52.3 எங்கே? 'இரவும் பகலும் போன்ற வேறுபாடு' என்று விளம்பரத்தில் எழுதுகிறார்களே, அந்த இரவும் பகலும் இந்த இரண்டேகால் சதவீதத்துக்குள்ளா அடங்கியிருக்கின்றன?

3

இவ்வழக்கில் நமக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சான்று எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் வரவில்லை. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பழைய இசைத்தொகுப்புகளை இசைத்தட்டுகளாக மறுபதிப்புச் செய்து வருவது. மூல நாடாவிலிருந்து எண்ணிமத்தின் கைபடாமல் நேரே தட்டுக்கு வருவது என்ற நம்பிக்கையிலேயே இசைவிரும்பிகள் அவற்றை வாங்கினர். சிறப்புப் பதிப்பு ஒன்றின் விலை 125 டாலர். எண்ணிம ஒலியின் வறட்சியைத் தம் செவி பொறுக்காது என்று சொல்லிக்கொள்வோர் அவற்றைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர்.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பை 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தபோது சிலருக்கு ஐயம் எழுந்தது. அச்செய்முறையில் இத்தனை பிரதிகளுக்கு மூல நாடாவைப் பன்முறை ஓட்டியாக வேண்டும். விலைமதிப்பற்ற நாடாவை அப்படித் தேய்க்க உரிமையாளர் இசைவாரா? 2022 ஜூலையில் அரிசோனாவைச் சேர்ந்த இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் இதை வெளிப்படையாகக் கேட்டார். நிறுவனத்தின் பொறியாளர்களே உண்மையை ஒப்புக்கொண்டனர். 2011 முதலே மூல நாடா எண்ணிமமாக்கப்பட்டு, அவ்வெண்ணிமக் கோப்பு மாற்றியின் வழியே அலையாக்கப்பட்டு, அதிலிருந்தே தட்டுகள் வெட்டப்பட்டு வந்தன. வழக்குத் தொடரப்பட்டது, 2.5 கோடி டாலர் அளவில் உடன்பாடு ஏற்பட்டது.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. பதினோராண்டுக் காலம், பல இலட்சம் பெறுமானமுள்ள கருவிகளோடு, பழுத்த அனுபவமுள்ள செவிகளோடு, தனியறைகளில் அமர்ந்து கேட்டவர்கள் எவரும் 'இதில் மாற்றியின் வாடை வீசுகிறது' என்று எழுந்து சொல்லவில்லை. ஐயம் எழுந்ததும் செவியால் அன்று. 40,000 என்னும் கணக்கால். அங்கே பயன்பட்டவை உயர்ந்த ஸ்டுடியோக் கருவிகள், மலிவானவை அல்லவே என்று ஒரு மறுப்பு வரும். அது உண்மையே, இந்நிகழ்ச்சி மலிவான மாற்றியின் தரத்தை மெய்ப்பிக்கவில்லை. ஆயின் வேறொன்றை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்துவிட்டது. எண்ணிம ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இனம்காண்போம் என்று மார்தட்டிய செவிகள், சொல்லப்படாதபோது காணவில்லை. அதே செவிகள்தாம் இன்று இரு மாற்றிகளுக்கு இடையிலுள்ள மயிரிழையைக் காண்பதாகச் சொல்கின்றன.

4

இலக்கியம் படிப்பிப்போர் என்ற முறையில் இவர்களுடைய சொற்களையும் நாம் சற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒலிக்கருவி விமர்சனங்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் சில உண்டு. இசையின் மீதிருந்த திரை விலகியது. பின்னணி கரிய இருளாயிற்று. நூறு முறை கேட்ட பாடலில் இதுவரை கேளாத ஒன்றைக் கேட்டேன். அடுக்களையிலிருந்த மனைவிகூட வந்து என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

2,000 டாலர் கருவியில் திரை விலகுகிறது. அடுத்த ஆண்டு 5,000 டாலர் கருவி வந்ததும் இன்னொரு திரை விலகுகிறது. எத்தனை திரைகள்தாம் தொங்கின? விலகாத திரை எஞ்சியிருந்ததை முதல் விமர்சனத்தில் ஏன் எழுதவில்லை? ஒரு கவிதையை 'அற்புதம், ஆழம், நுட்பம்' என்று மட்டும் சொல்லிவிட்டு எந்தச் சொல்லில், எந்த அடியில் என்று காட்ட இயலாத மாணவர்க்கு நாம் மதிப்பெண் வழங்குவதில்லை. இங்கோ, காட்ட இயலாத அடைமொழிகளுக்கே இலட்சங்கள் கைமாறுகின்றன.

கேளாத ஒன்றைக் கேட்டேன் என்பதற்கு விளக்கம் எளிது. உரையாசிரியர் துணையின்றி ஒரு செய்யுளை நாலாம் முறை படிக்கும்போது புதுப்பொருள் தோன்றுவதில்லையா? தாள் மாறியதாலா தோன்றியது? கவனம் மாறியதால் தோன்றியது. புதுக் கருவி வாங்கியவன் அன்றிரவு செவியைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறான். மலிவான கருவியின் முன் அவன் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

இன்னோர் எளிய காரணமும் உண்டு. இரு ஒலிகளுள் சிறிதே உரத்தது, உரத்தது என்று தெரியாமலே 'தெளிவானது' என்று தோன்றும். மாற்றிகள் வெளியிடும் மின்னழுத்தம் ஒன்றுபோல் இராது. வழக்கம் 2 வோல்ட் என்றால், சமநிலை இணைப்பில் 4 வோல்ட் வரும். அது 6 டெசிபல் கூடுதல். கடையில் இருகருவிகளை மாற்றி மாற்றிக் காட்டுபவர் மின்னழுத்தத்தை அளந்து சமப்படுத்தினாரா என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

5

சில மறுப்புகளுக்கு விடை கூறுவோம்.

'எல்லா மாற்றிகளும் ஒன்றா?' அல்ல. கணினியின் உள்ளிரைச்சல் கசியும் மோசமான வடிவமைப்புகள் உண்டு. வெளியீட்டு மின்தடை மிகுந்தால் சில காதணிகளின் ஒலிச்சமன் குலையும். ஆற்றல் போதாதென்றால் கனத்த ஹெட்போன் முனகும். வேண்டுமென்றே வடிகட்டியை நீக்கி உயர் அதிர்வெண்களைச் சரியவிடும் கருவிகளும், வெற்றிடக் குழாய் வைத்துத் திரிபைச் சேர்க்கும் கருவிகளும் வேறாகத்தான் ஒலிக்கும். ஆனால் இவை எவையும் விலையைத் தொடர்வதில்லை. பின்னிரண்டு வகையும் பெரும்பாலும் விலை மிகுந்தவை. அவை வேறாக ஒலிப்பது பிழை சேர்த்ததால்.

'குறுகிய நேரச் சோதனையில் தெரியாது. மாதக்கணக்கில் வாழ்ந்து பார்க்க வேண்டும்.' வாழுங்கள். எது எதுவென்று அறியாமல் மாதக்கணக்கில் வாழ்வதற்குத் தடையேதும் இல்லையே! செவியின் நினைவு நொடிகளில் மங்குவது. இடைவெளி நீளநீள அங்கே நுழைவது கற்பனை.

'உம் கருவிகள் தரமற்றவை; அதனால் உமக்குக் கேட்கவில்லை.' இது முடிவிலாச் சுழல். எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்கு மேலொன்று உண்டு.

'என் பணம், என் விருப்பம்.' இதற்கு மட்டும் நம்மிடம் மறுப்பில்லை. அழகிய பெட்டிக்காகவும், கைவினைக்காகவும், உடைமைப் பெருமைக்காகவும் ஒருவர் வாங்குவாரானால் வாங்கட்டும். பட்டுக்கரை வேட்டி உடுப்பவரை நாம் பழிப்பதில்லை. அவ்வேட்டி காய்ச்சலைத் தீர்க்கும் என்று ஊராருக்கு உரைத்தால்தான் குறுக்கிடுகிறோம்.

6

ஏன் குறுக்கிட வேண்டும்? செல்வர் செல்வத்தைச் செலவிடுவதில் நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் இந்நோய் செல்வரோடு நிற்பதில்லை. நம்மிடம் பயின்று இன்று சிறு சம்பளத்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், மாதத் தவணையில் 80,000 ரூபாய்க்கு மாற்றியொன்றை வாங்கியிருந்தார். அவரிடமிருந்த ஹெட்போனின் விலை 3,000. பழைய நாகசுரப் பதிவுகளை நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சில வாரங்கள் கழித்து அவர் நம்மிடம் தணிந்த குரலில் கேட்டது இது: 'ஐயா, எல்லாரும் கேட்கிற வித்தியாசம் எனக்கு மட்டும் கேட்கவில்லை. என் காதில்தான் குறையா?'

அவர் இழந்தது 80,000 ரூபாய் மட்டுமன்று. தம் செவியின் மீதிருந்த நம்பிக்கையையும் இழந்தார். அவ்விளைஞரின் செவி சரியாகத்தான் சொன்னது. வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாடு இல்லை என்றது. அதைக் குறை என்று அவரை எண்ணவைத்தது எது? கேட்பவர் நுண்செவியர், கேளாதவர் செவிடர் என்னும் படிநிலையைப் பணத்தின் மேல் கட்டியெழுப்பிய ஒரு பேச்சு. கலையை நுகர்வதற்குத் தகுதி வேண்டும் என்றும், அத்தகுதி எமக்கே உரியது என்றும் சொல்லும் குரலைத் தமிழ்ச் சூழல் பலவடிவில் கேட்டிருக்கிறது. இது அதன் புதுவடிவம். எனவேதான் இதை வெறும் கருவிச் சண்டை என்று நாம் விட்டுவிடவில்லை.

அப்பணம் உண்மையில் ஒலியை மாற்றும் இடங்கள் உள்ளன. நல்ல ஹெட்போனோ ஒலிபெருக்கியோ முதலிடம். அங்கே வேறுபாடுகள் பல டெசிபல் அளவில் உள்ளவை, எவரும் கேட்கத்தக்கவை. ஒலிபெருக்கியாயின் அறை அடுத்த இடம். கனத்த திரைச்சீலையும் நிறைந்த புத்தக அடுக்கும் எதிரொலியைத் தணிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவு. 78 சுழற்சித் தட்டு ஒன்றில் பதிவான நாகசுரத்தின் எல்லை, மாற்றி பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அந்தத் தட்டில் வரையப்பட்டுவிட்டது. அதை எந்த மாற்றியும் கூட்டித் தர இயலாது. நல்ல நிலையிலுள்ள தட்டைத் தேடிக் கவனத்தோடு எண்ணிமமாக்குவோர்க்கு அப்பணத்தில் பாதி சென்றாலும் இசைக்கு நன்மை.

நம்மை மறுக்க விரும்புவோர்க்கு வழி திறந்தே இருக்கிறது. இரு மாற்றிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியொன்றை ஓடவிட்டு, மின்னழுத்தமானியால் அளந்து, இரண்டையும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்குங்கள். வேறொருவர் நாணயம் சுண்டிக் கருவியை மாற்றட்டும். உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரிய வேண்டாம். 16 முறை கேளுங்கள். நேரம் வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுங்கள்; பாடலும் உங்கள் விருப்பமே. 12 முறை சரியாகச் சொன்னால், தற்செயலாய் அது நிகழும் வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. சொல்லிவிட்டு, மறுநாளும் அதையே செய்து காட்டுங்கள். செலவு ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

இலட்சங்களைக் கொடுக்க முன்வருவோர் இந்த ஒரு மாலையைக் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை தயங்குகின்றனர் என்பதே நமக்கு விளங்காதது. அதுவரை, தவணை கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: உங்கள் செவியில் குறையில்லை.